பூஞ்சேரிப் பாறையும் பெயரில்லாத கைகளும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால், கடலைக் காண்பதற்கு முன்பே உலகத்தைப் பற்றிய கருத்துகள் பலவற்றைச் செலவின்றிக் கேட்டுவிடலாம். முன்பெல்லாம் மழையும் நெல் விலையும் தேர்தலும் அக்கருத்துகளின் பொருளாயிருந்தன. இப்போது அவற்றோடு செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. “இனி மனிதன் கற்பிக்க வேண்டியதில்லை, இயந்திரம் தானே கற்றுக்கொள்கிறது” என்பார் ஒருவர். “இணையத்தில் கிடப்பதெல்லாம் எல்லார்க்கும் பொது, எடுத்துக்கொண்டால் என்ன?” என்பார் மற்றொருவர். “இன்னும் பத்தாண்டில் எவருக்கும் வேலை இராது” என்று பெருமூச்சு விடுவார் பின் இருக்கைக்காரர். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் போதும், திருமணப் பந்தியில் அமரும் போதும், கல்லூரி ஆண்டு விழா மேடையிலும் இவையே சொல் மாறாமல் ஒலிக்கின்றன.

நூல்களைத் திறனாய்வதற்கு நம்மிடையே நல்ல மரபு உண்டு. ஆயினும் நூலைவிட மிகுதியாக மக்களை ஆட்டிவைப்பது பேச்சு. போகிற போக்கில் சொல்லப்படும் கருத்து, பலமுறை சொல்லப்பட்ட பின் உண்மை போலத் தோன்றத் தொடங்குகிறது. அதை நம்பி ஒரு தந்தை மகனின் படிப்பை முடிவு செய்கிறார். ஓர் இளைஞர் தம் கைத்தொழிலைக் கைவிடுகிறார். ஆகவே மேற்சொன்ன மூன்று கருத்துகளையும் ஒரு நூலின் வரிகளாகவே கொண்டு ஆய்ந்து பார்ப்பது தகும். அதற்குரிய உரைகல்லைத் தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. அப்பேருந்து மாமல்லபுரத்துள் நுழையுமுன் கடந்து செல்லும் பூஞ்சேரியிலேயே அது கிடக்கிறது.

பாறை சொல்லும் செய்தி

மாமல்லபுரம் ஓர் அரசனின் பெயரால் வழங்கும் ஊர். முதலாம் நரசிம்மவர்மனின் விருதுப் பெயராகிய ‘மாமல்லன்’ என்பதே ஊருக்கு நிலைத்துவிட்டது. தர்மராச ரதத்தின் சுவர்களில் மன்னனின் விருதுப் பெயர்கள் பல வெட்டப்பட்டுள்ளன. கட்டச் சொன்னவன் யார் என்பதில் நமக்கு ஐயம் வரலாகாது என்று கல்லே கருதியது போலும். கட்டியவர் யார்? சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் இதற்கு விடை கிடைப்பதில்லை.

விடை ஊருக்குச் சற்று வெளியே உள்ளது. பூஞ்சேரி அருகே உள்ள பாறைகளில் சில பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் ஸேமகன் என்பன அவற்றுட் சில. இவை மாமல்லபுரத்துச் சிற்பப் பணியில் ஈடுபட்டோரின் பெயர்கள் என்பது அறிஞர் கருத்து. இப்பெயர்களை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் வேண்டும். பெருந்தச்சன் என்பது வேலையில் அவர் வகித்த நிலையைச் சொல்கிறது. திருவொற்றியூர் என்பது அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்கிறது. கொல்லன் என்னும் சொல் நம்மைச் சற்று நிறுத்துகிறது. கற்பணியில் கொல்லனுக்கு என்ன வேலை? கருங்கல்லில் உளியின் முனை விரைவில் மழுங்கும். அதைக் காய்ச்சி அடித்துக் கூர்மை செய்து தருபவன் இல்லையேல், எத்துணைத் திறன் வாய்ந்த சிற்பியும் நண்பகலுக்குள் வெறுங்கையோடு அமர வேண்டியதுதான். சிலையில் அவன் கை நேராகப் படவில்லை. ஆயினும் அவன் பெயரும் பாறையில் இருக்கிறது.

இன்னொன்றையும் காண வேண்டும். மாமல்லபுரத்தில் முடிவுறாத பணிகள் பல உள்ளன. பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் பாதியில் நின்றவை. சில குடைவரைகளில், பாறையின் முகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கிடையே ஆழமாகக் கால்வாய்போல் வெட்டி, பின்னர் நடுவில் நிற்கும் கல்லை உடைத்தெடுத்த முறையை இன்றும் தெளிவாகக் காணலாம். ஒற்றைக் கல் ரதங்களில் மேலிருந்து கீழாகப் பணி நடந்தது என்பதும் அவற்றின் முடிவுறாத அடிப்பகுதியால் விளங்குகிறது. அதாவது இவ்வூரில் கல் தன்னைச் செய்த முறையை மறைக்கவில்லை. வேலையும் தெரிகிறது, வேலை செய்தவரின் பெயரும் ஓரமாகவேனும் கிடைக்கிறது. இதையே நம் உரைகல்லாகக் கொண்டு, பேருந்தில் கேட்ட கருத்துகளிடம் திரும்புவோம்.

‘தானே கற்கிறது’ என்னும் சொல்

‘இயந்திரக் கற்றல்’ என்னும் தொடரில் ‘கற்றல்’ என்பது உவமை. உவமையை உண்மையென மயங்குவது திறனாய்வில் முதற்பிழை. நடப்பது என்ன? இயந்திரத்திடம் ஒரு படத்தைக் காட்டி, அது பூனையா, நாயா என்று கேட்கின்றனர். தொடக்கத்தில் அது கண்மூடித்தனமாக விடை கூறுகிறது. அவ்விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள தொலைவு கணக்கிடப்படுகிறது. அத்தொலைவு குறையுமாறு இயந்திரத்தின் உள்ளே இருக்கும் எண்கள் மிகச் சிறிதளவு மாற்றப்படுகின்றன. இவ்வாறு பல இலட்சம் முறை, பல கோடி முறை நடக்கிறது. மொழியைக் கையாளும் இயந்திரங்களுக்கும் அடிப்படை இதுவே. மனிதர் எழுதிய ஒரு வாக்கியத்தின் ஒரு பகுதியைக் காட்டி, அடுத்து வரும் சொற்கூறு எது என்று கேட்கின்றனர். எழுதியவர் உண்மையில் எழுதிய சொல்லே அங்குச் ‘சரியான விடை’ ஆகிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அந்தச் சரியான விடையைச் சொன்னவர் யார்? படத்தில் இருப்பது பூனை என்று முதலில் சொன்னது மனிதக் கண். அந்த வாக்கியத்தை முதலில் எழுதியது மனிதக் கை. 2009 இல் வெளியான ‘இமேஜ்நெட்’ என்னும் படத்தொகுப்பு இத்துறையின் திருப்புமுனை எனப்படுகிறது. ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் படங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய அப்பணியைச் செய்தோர் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று சில்லறைக் கூலி பெற்று, தத்தம் வீடுகளில் கணினி முன் அமர்ந்து அவர்கள் இதைச் செய்தனர். அத்தொகுப்பைக் கொண்டு 2012 இல் ஓர் இயந்திரம் பெற்ற வெற்றியை உலகம் கொண்டாடியது. 49,000 பேரின் பெயர் எந்தப் பாறையிலும் இல்லை.

அவர்களுக்கு வேலை வழங்கிய இணையச் சந்தையின் பெயரே ஒரு வரலாற்றைச் சொல்கிறது. 1770 இல் வோல்ஃப்காங் ஃபான் கெம்பலன் என்பவர் வியன்னா அரசவையில், தலைப்பாகை அணிந்த பொம்மை ஒன்று தானே சதுரங்கம் ஆடுவதாகக் காட்டினார். கண்டோர் வியந்தனர். உண்மையில் பொம்மையின் கீழிருந்த பெட்டிக்குள் ஆட்டத்தில் வல்ல மனிதர் ஒருவர் ஒளிந்திருந்து காய்களை நகர்த்தினார். அப்பொம்மை ‘துருக்கியன்’ என்று புகழ்பெற்றது. 2005 இல் அமேசான் நிறுவனம் தன் சில்லறை வேலைச் சந்தைக்கு அப்பெயரையே சூட்டி, ‘மெக்கானிக்கல் டர்க்’ என்று அழைத்தது. பெட்டிக்குள் ஆள் இருப்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட நேர்மை பாராட்டத்தக்கதே. ஆனால் பேருந்தில் பேசும் நம் நண்பர் இன்னமும் பொம்மையை மட்டுமே பார்க்கிறார்.

இவ்வேலை முற்றிலும் தீயது என்று சொல்ல நாம் வரவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2007 இல் உருவான ‘தேசிக்ரூ’ போன்ற நிறுவனங்கள், தமிழகத்தின் சிற்றூர்களுக்கே இத்தகைய கணினிப் பணிகளைக் கொண்டுவந்தன. பட்டம் பெற்றும் ஊரை விட்டு வெளியேற இயலாத பெண்கள் பலருக்கு அது முதல் ஊதியமாக அமைந்தது. நாம் கேட்பது ஒன்றே. வேலை நடக்கிறது என்றால், அது வேலை என்று சொல்லப்பட வேண்டும். ‘இயந்திரம் தானே கற்றது’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், கற்பித்தவரின் வேலை வேலையல்ல என்று ஆகிவிடுகிறது. வேலையல்லாத ஒன்றுக்கு எவரும் நியாயமான கூலி கேட்க முடியாது. எனவே இது வெறும் சொற்பிழை அன்று, கூலியைப் பாதிக்கும் பிழை.

‘இணையத்தில் கிடப்பது பொது’ என்னும் வாதம்

அடுத்த கருத்தை ஆராயத் தமிழ் இணையத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1998 பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால், உலகின் பல நாடுகளில் சிதறி வாழ்ந்த தமிழர்கள் தமிழ் நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, எவரும் இலவசமாகப் படிக்குமாறு இணையத்தில் ஏற்றினர். இன்றுபோல் எழுத்துருக்கள் ஒழுங்குபட்டிராத காலம் அது. ஒருவர் கணினியில் தமிழாகத் தெரிவது மற்றவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். அலுவலக வேலை முடிந்து வீடு திரும்பிய பின், இரவில் விழித்திருந்து அவர்கள் செய்த தொண்டு அது.

அத்திட்டத்தின் மின்னூல் எதையும் திறந்து பாருங்கள். நூலின் முகப்பில் தட்டச்சு செய்தவர் பெயரும், மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் குறிக்கப்பட்டிருக்கும். இதுவே பூஞ்சேரிப் பாறை! மெய்ப்புப் பார்த்தவர் அந்நூலில் ஒரு சொல்லும் தாமாக எழுதவில்லை. ஆயினும் உளியைக் கூர் செய்த கொல்லன் ஸேமகனைப் போல அவருக்கும் ஓர் இடம் உண்டு என்று அச்சிறு சமூகம் முடிவு செய்தது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இந்நெறியைத் தன் வழியில் காத்து வருகிறது. அதன் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஒவ்வொன்றுக்கும் ‘வரலாறு’ என்னும் பக்கம் ஒன்று உண்டு. எந்தத் திருத்தத்தை எந்தப் பயனர் எந்நாளில் செய்தார் என்பது அங்கே பதிவாகியிருக்கும். கட்டுரையை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்பதைக் குறிப்பிட வேண்டும், அதன் வழி ஆக்கியதையும் அதே உரிமையோடு பிறர்க்குத் தர வேண்டும் என்பது அதன் உரிம விதி.

ஆக, ‘பொது’ என்பதற்கு அச்சமூகங்கள் கொண்ட பொருளே வேறு. ஊர்ப் பொதுக்குளத்தில் எவரும் நீர் மொள்ளலாம். ஆனால் குளத்தைத் தூர்வாரும் நாளில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் வர வேண்டும். முறையில்லாப் பொது பொதுவன்று, கேட்பாரற்றது. இன்றைய பெரிய மொழி இயந்திரங்கள் விக்கிப்பீடியா உள்ளிட்ட இணைய எழுத்துகளை உட்கொண்டே தமிழ் பேசக் கற்றன. அவற்றிடம் ஒன்றைக் கேட்டால் மடைதிறந்தாற் போல் விடை வருகிறது. அவ்விடையின் எந்த வரி எவருடைய இரவு உழைப்பிலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் அவற்றால் சொல்ல இயலாது. உட்கொண்ட எழுத்தெல்லாம் எண்களாகக் கரைந்துவிட்டன. முடிவுறாத ரதத்தில் உளியின் தடம் தெரிகிறது, முழுதும் மெருகேறிய இவ்விடையில் தடம் ஏதுமில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மாமல்லபுரத்தில் 1957 இல் தோன்றிய அரசு சிற்பக் கல்லூரியின் மாணவர் ஐந்து ரதங்களையும் பார்த்துப் பார்த்துத்தானே கற்கிறார்? அதற்காக அவர் பல்லவச் சிற்பிகளின் வழித்தோன்றல்களுக்குக் காணிக்கை செலுத்துகிறாரா? பார்த்துக் கற்பது திருட்டாகுமா? நல்ல கேள்விதான். பார்த்துக் கற்பது திருட்டன்று. ஆனால் அம்மாணவர் தாம் எவரிடம் கற்றார் என்பதை மறைப்பதில்லை, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார். நாளை அவரே ஓர் இளைஞரின் கையைப் பிடித்து உளியைச் சாய்க்கும் கோணத்தைக் காட்டப் போகிறார். பெற்றது திரும்பிச் செல்ல ஒரு வழி அங்கு இருக்கிறது. பல இலட்சம் பேரின் எழுத்தை ஒரே வீச்சில் வாரி, அதைச் சில நிறுவனங்களின் உடைமையாக்கிச் சந்தா வாங்கும் ஏற்பாட்டில் அவ்வழி அடைபட்டிருக்கிறது. கற்றலில் குறையில்லை, திருப்பிச் செலுத்தாமையே குறை.

அடைபட்ட வழியைத் திறக்க முடியாது என்பதும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழு தமிழ் உள்ளிட்ட 22 இந்திய மொழிகளின் பேச்சுகளைத் திரட்டி, திரட்டியவற்றைப் பொதுவெளியிலேயே வெளியிட்டு வருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் பழைய அச்சு நூல்களின் பக்கப் படங்களை இயந்திரம் எழுத்துகளாக மாற்றித் தர, தன்னார்வலர் அமர்ந்து பிழை நீக்குகின்றனர். கண்பார்வையற்ற ஒருவர் தம் கைப்பேசியில் அந்நூலைக் கேட்டு மகிழ்கிறார் என்றால், அங்கே இயந்திரமும் கையும் இணைந்து செய்த அறம் இருக்கிறது. அதை வாழ்த்தாமல் இருக்க நம்மால் இயலாது.

‘வேலை இராது’ என்னும் அச்சம்

இனி, பின் இருக்கைக்காரரின் பெருமூச்சு. இதைக் கேலி செய்யலாகாது. அச்சம் உண்மையானது. ஆனால் அது எதைக் கண்டு அஞ்ச வேண்டுமோ அதைக் கண்டு அஞ்சவில்லை என்பது நம் கருத்து.

உலகக் கைவினை மன்றம் 2015 இல் மாமல்லபுரத்தை உலகக் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. அவ்வூர்ச் சிற்பக்கூடங்களின் வழியே நடந்து பாருங்கள். உளியோசை இன்றும் கேட்கிறது. ஆனால் அதை அமிழ்த்திவிடும் மற்றோர் ஓசை மின்சாரக் கட்டரின் இரைச்சல். கல்லைப் பிளந்து உருவை அண்மைப்படுத்தும் தொடக்க வேலையைக் கட்டர் எடுத்துக்கொண்டது. சுத்தியலால் நாள்கணக்கில் தட்டி எடுக்க வேண்டிய கல்லை அது விரைவில் வெட்டித் தள்ளுகிறது. சிற்பியோ அங்கேயேதான் இருக்கிறார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும், மூக்கின் நுனியில் எவ்வளவு கல் மிஞ்ச வேண்டும் என்பதையும், கண்ணை எப்போது திறக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். இயந்திரம் வந்தால் தொழில் அழியும் என்ற பொதுக் கருத்து இங்கே அப்படியே பலிக்கவில்லை.

ஆனால் வேறொன்று நடந்தது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்வோர் எவரும் பேசுவதில்லை. அது தூசு. கை உளியால் கல் சில்லு சில்லாகத் தெறிக்கும். சுழலும் கட்டரோ கல்லை மாவாக்குகிறது. கருங்கல்லில் உள்ள சிலிக்காவின் நுண்துகள் மூச்சோடு நுரையீரலுள் புகுந்து தங்கிவிட்டால், அது நாளடைவில் சிலிகோசிஸ் என்னும் நோயாகிறது. அந்நோயால் கெட்ட நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தில்லை, வருமுன் காத்தலே வழி. நீரைத் தெளித்துக்கொண்டே வெட்டினால் தூசு அடங்கும். தகுந்த முகக்கவசமும், தூசை உறிஞ்சும் கருவியும் உயிரைக் காக்கும். ‘வேலை போகுமா, போகாதா’ என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்கையில், வேலையில் இருப்பவர் முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெண்புகைக்குள் அமர்ந்திருக்கிறார்.

இயந்திரக் கற்றலிலும் இத்தூசு உண்டு. மொழி இயந்திரம் ஆபாசத்தையும் கொடுமையையும் உமிழாதிருக்க வேண்டுமானால், எது ஆபாசம், எது கொடுமை என்று யாராவது அதற்குக் குறித்துக் காட்ட வேண்டும். அதற்காகக் கென்யா நாட்டுத் தொழிலாளர் மணிக்கு 2 டாலருக்கும் குறைந்த ஊதியத்தில், சொல்லவும் கூசும் எழுத்துகளை நாள் முழுதும் படித்து வகைப்படுத்தினர் என்பதையும், அதனால் மனநலம் குன்றினர் என்பதையும் 2023 சனவரியில் ‘டைம்’ இதழ் வெளியிட்டது. நம் கைப்பேசித் திரையின் தூய்மைக்குப் பின்னால் யாரோ ஒருவரின் உள்ளத்தில் தூசு படிந்திருக்கிறது.

வேலை போவதைப் பற்றியும் நம் மாவட்டமே ஒரு பாடம் தருகிறது. மறைமலைநகரில் 1999 இல் உற்பத்தி தொடங்கிய ஃபோர்டு கார் ஆலை, 2021 இல் வெளியான அறிவிப்பின்படி 2022 இல் உற்பத்தியை நிறுத்தியது. இழப்பீட்டுக்காகத் தொழிலாளர் போராடினர். அந்த வேலைகளைப் பறித்தது அறிவுள்ள இயந்திரம் எதுவுமன்று. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேல் நட்டம் என்று கூறி, கடலுக்கு அப்பால் ஓர் அறையில் சிலர் எடுத்த முடிவு அது. அவ்வாலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக 2024 இல் அந்நிறுவனமே அறிவித்தது. மூடியதும் மனித முடிவு, திறக்க எண்ணியதும் மனித முடிவு. ‘இயந்திரம் வேலையைத் தின்றுவிடும்’ என்று சொல்லும்போது, முடிவெடுத்தவர் பெயர் மெல்ல மறைந்துவிடுகிறது. பொம்மையைக் குறை கூறுகிறோம், பெட்டிக்குள் இருப்பவரையும் மறந்தோம், பொம்மையை அவைக்குக் கொண்டுவந்தவரையும் மறந்தோம்.

ஆலோசனை மன்றத்தில் இல்லாதவர்கள்

விவிலியத்தில் சீராக்கின் ஞான நூல் 38 ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் போதிய அளவு படிப்பதில்லை. உழவர், முத்திரை செதுக்குவோர், கொல்லர், குயவர் ஆகியோரின் வேலையை அது கண்முன் நிறுத்துகிறது. உலைக்களத்தின் வெப்பத்தில் கொல்லரின் உடல் வாடுவதைக்கூட அது விட்டுவிடவில்லை. இவர்கள் இல்லாமல் நகரம் இல்லை என்கிறது. அதே மூச்சில், மக்கள் மன்றத்தில் ஆலோசனை கேட்க இவர்களை எவரும் தேடுவதில்லை என்றும் சொல்கிறது. அந்நூலின் ஆசிரியர் மறைநூல் அறிஞர்பால் சாய்வு உடையவர்தாம். ஆயினும் அவர் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. செயற்கை நுண்ணறிவு பற்றிய கருத்தரங்குகளில் பொறியாளர் பேசுகிறார், முதலீட்டாளர் பேசுகிறார், எம்மைப் போல் எழுதுவோரும் பேசுகிறோம். படங்களுக்குப் பெயரிட்ட பெண்ணையோ, கட்டரைக் கையில் பிடித்த சிற்பியையோ எவரும் மேடைக்கு அழைப்பதில்லை.

1891 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ மடலை எழுதியபோது தொழிற்சாலைகளின் புகை ஐரோப்பாவை மூடியிருந்தது. 1981 இல் புனித இரண்டாம் யோவான் பவுல் ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ மடலில், உழைப்பின் மாண்பு செய்யப்படும் பொருளில் இல்லை, செய்யும் மனிதரில் இருக்கிறது என்று விளக்கினார். தொழில்நுட்பம் மனிதருக்குத் துணை, ஆனால் மனிதரை ஓரந்தள்ளினால் அதுவே பகையாகும் என்று அதே மடல் எச்சரித்தது. 2025 சனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட ‘அந்திகுவா எத் நோவா’ என்னும் குறிப்பு, செயற்கை நுண்ணறிவை மனித அறிவின் மற்றொரு வடிவமாகக் கொள்ளாமல் மனித அறிவு படைத்த பொருளாகவே கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மே மாதம் திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் பெயரைத் தேர்ந்தமைக்குக் காரணம் கூறுகையில் இப்புதிய தொழிற்புரட்சியையே சுட்டினார். இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ‘இயந்திரம் என்ன செய்யும்?’ என்பதற்கு முன்னால் ‘இதை யார் செய்தார்? அவர் எப்படி இருக்கிறார்?’ என்று கேட்கும் பழக்கம் நம் மரபுக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

நிறைவாக

இயந்திரத்தின் ஒவ்வொரு விடையின் கீழும் பல இலட்சம் பெயர்களை எழுத முடியாது என்பதை நாம் அறிவோம். பூஞ்சேரிப் பாறையிலும் மாமல்லபுரத்தில் உழைத்த அனைவரின் பெயரும் இல்லை. கல் சுமந்தவரும் நீர் தெளித்தவரும் அதில் இடம்பெற்றிருக்க மாட்டார்கள். ஆனால் சில பெயர்களேனும் வெட்டப்பட்டதால், ‘இதைச் செய்தவர்கள் மனிதர்கள்’ என்னும் ஓர் உண்மை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறது. அவ்வளவேனும் நம் காலமும் செய்ய வேண்டும். எந்தத் தொகுப்பிலிருந்து கற்றது என்பதை இயந்திரம் செய்தோர் வெளிப்படுத்தட்டும். குறித்துக் கொடுத்தவர்க்கு உரிய கூலியும், கொடிய எழுத்துகளைப் படிப்பவர்க்கு உரிய ஓய்வும் மருத்துவமும் சட்டமாகட்டும். நாமும் நம் பங்குக்கு, பள்ளியில் பிள்ளை இயந்திரத்திடம் கேட்டு எழுதிய கட்டுரையின் கீழ், எங்கிருந்து பெற்றோம் என்று ஒரு வரி எழுதப் பழக்குவோம். இயன்றால் விக்கிமூலத்தில் ஒரு பக்கத்துக்கேனும் மெய்ப்புப் பார்த்துக் கொடுப்போம். குளத்தில் நீர் மொண்டவர் தூர்வாரவும் போக வேண்டும் அல்லவா?

அடுத்த முறை அப்பேருந்தில் செல்கையில், “இயந்திரம் தானே கற்றுக்கொள்கிறது” என்று எவரேனும் தொடங்கினால், வாதிட வேண்டாம். பூஞ்சேரி வரும்போது சன்னல் வழியாக அத்திசையைச் சுட்டிக்காட்டி, “அங்கே ஒரு பாறையில் சில பெயர்கள் இருக்கின்றன ஐயா, ஒரு நாள் இறங்கிப் படித்துப் பாருங்கள்” என்று மட்டும் சொல்வோம்.